பரவாலீங்க

எங்கள் வகுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவோம். பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய முதல் நாள், பெஞ்சில் பையைப் பரப்பிப் போட்டு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, "ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால தள்ளி உக்காருங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் டீச்சர் யாராவது நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சட்டையில் மைக்கறையும் காலில் அறுந்த செருப்புமாக இருந்த என்னைத்தான் கேட்டிருக்கிறாள். பின் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறாளே, இவளைக் கட்டிக்கப் போறியாடி என்று என்னையும் சேர்த்து ஓட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் மரியாதைக்குப் பஞ்சம் கிடையாது. கோயமுத்தூர்க்காரர்கள் நாய்க்குக்கூட 'ங்க' போடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. அது வெறும் கேலி, யாரும் நாய்க்குப் போடுவதில்லை. இவள் போடுவாள். பஸ் ஸ்டாப்பில் காலை முகர்ந்து பார்த்த நாயிடம், "போங்க, பஸ்ஸு வருது, போங்க" என்று அவள் சொல்லி நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அதுவும் போய்விட்டது.

நான் இதற்கு நேர் எதிர். சூலூரில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித் தறிக்குடோன். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிசாகிவிட்டது. அதிலும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசில் பட்டதை அந்த நிமிஷமே கொட்டிவிடுவேன், பின்னாலேயே அம்மா போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள். இப்படிப்பட்ட எனக்கு அப்படிப்பட்ட ஒருத்தி எப்படிச் சிநேகிதியானாள் என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். பெஞ்சில் வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். பிறகு இடம் இருந்தபோதும் அவள் நகரவில்லை, நானும் விடவில்லை.

'வேணும்' என்ற சொல் அவளிடம் கிடையாது. 'வேண்டாம்' என்பதும் கிடையாது. எதைக் கேட்டாலும் 'பரவாலீங்க'தான். எங்கள் ஊரில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம். நன்றாக இருக்கிறேன் என்றாலும் பரவாலீங்க, நன்றாக இல்லை என்றாலும் பரவாலீங்க. இன்னொரு தோசை போடுங்கள் என்பதும் அதுதான், போதும் சாமி ஆளை விடுங்கள் என்பதும் அதுதான். சொல்கிறவர் முகத்தைப் பார்த்து நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். அவள் முகத்திலோ எப்போதும் ஒரே சிரிப்பு இருக்கும், அதில் ஒன்றையும் பிரிக்க முடியாது.

டெய்லர் வேறு யாருடைய அளவுக்கோ தைத்துக் கொடுத்த யூனிஃபார்மை வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டு வந்தாள். தோள் இரண்டு பக்கமும் தொங்கும். திருப்பிக் கொடு என்று நான் கத்தினால், "பாவமுங்க, அவரு மூஞ்சி வாடிப்போகும்" என்பாள். பஸ்ஸில் கண்டக்டர் இவள் காலை மிதித்துவிட்டால் இவள் அவரிடம் ஸாரி கேட்பாள். எல்லாவற்றையும்விடக் கொடுமை தேங்காய் பர்ப்பி. தாராபுரத்தில் இருந்த அவளுடைய பெரியப்பா வரும்போதெல்லாம் அவளுக்கென்று ஒரு பொட்டலம் தேங்காய் பர்ப்பி வாங்கி வருவார். சின்னவளாக இருந்தபோது ஒருமுறை வாயில் ஊட்டி, "நல்லா இருக்குதா கண்ணு?" என்று கேட்டாராம். "பரவாலீங்க பெரியப்பா" என்றாளாம். அன்றைக்குத் தொடங்கிய பர்ப்பி, அப்புறம் நிற்கவே இல்லை. அவளுக்குத் தேங்காய் வாசனையே ஆகாது. அவருடைய அன்பு மொத்தத்தையும் பெஞ்சுக்கு அடியில் வைத்துத் தின்று தீர்த்தவள் நான்.

கோ-கோ விளையாட்டில் அவள் கெட்டிக்காரி. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். துரத்துகிற அணியில் வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருப்போம். ஓடுகிறவள் வந்து முதுகைத் தட்டி 'கோ' என்றால்தான் உட்கார்ந்திருப்பவள் எழுந்து ஓட வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த போட்டியில் எதிரணியின் கடைசிப் பெண்ணை அவள் விரட்டிக்கொண்டு வந்தாள். அப்படியொரு ஓட்டம். என் பின்னால் வந்து முதுகைத் தட்டினாள். தட்டிவிட்டு, "கோங்க" என்றாள்.

நடுவர் விசில் ஊதிவிட்டார். 'கோ' என்று மட்டும்தான் சொல்ல வேண்டுமாம், ஃபவுல். அதற்குள் அந்தப் பெண் தப்பித்துவிட்டாள், நாங்களும் தோற்றோம். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் அவளைத் திட்டிய திட்டில் பி.டி. டீச்சரே வந்து என் வாயைப் பொத்தினார். அவள் அந்த நடுவரிடம் போய், தப்பு என் மேலதானுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லும்போது இடது காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நின்றாள். அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. யாருமே நினைக்கவில்லை. கால் வலிக்கிறதா என்று டீச்சர் கேட்டார். பரவாலீங்க என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். அவள் அம்மா கேட்டார், தைலம் தேய்த்துவிட்டார். எங்கள் தெரு முனை டாக்டர் கேட்டார், களிம்பு எழுதிக் கொடுத்தார். வளர்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார். வலி எப்படி இருக்கும்மா என்ற கேள்விக்கு ஒரே பதில். டாக்டரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, சிரித்த முகத்தோடு எதிரில் உட்கார்ந்து பரவாலீங்க என்கிற பெண்ணுக்கு யார்தான் எக்ஸ்ரே எழுதுவார்கள்?

அவள் பள்ளிக்கூடம் வராத ஒரு வாரம் முடிந்து, நான் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பார்த்து என்னடி எழுந்திருக்கிறாய், நான் என்ன கலெக்டரா என்றேன். பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கினேன், அவள் தடுக்கத் தடுக்கத் தூக்கினேன். முழங்காலுக்கு மேலே, தொடை தொடங்குகிற இடத்தில், ஒரு தென்னங்குரும்பையை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் வீங்கியிருந்தது. தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டு, பச்சை நரம்பு ஓடியிருந்தது.

எப்போதிருந்து என்று கேட்டேன். பொங்கலில் இருந்துங்க என்றாள். நாங்கள் அப்போது ஆடி மாதத்தில் இருந்தோம்.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, சதை கொஞ்சம் எடுத்துப் பார்த்து, எலும்பில் வந்திருக்கிற புற்றுநோய் என்று சொன்னார்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு, முழங்கால் பக்கத்தில்தான் அதிகமாக வருமாம். அவள் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னவிதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "கெட்ட கட்டின்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு. நீங்க பயந்துக்காதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். பெற்றவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் என் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எல்லோருமே இப்படித்தான்.

சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். அங்கே இருந்த டாக்டரம்மா சென்னைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷி. அவர் ஒரு அட்டை வைத்திருந்தார். அதில் வரிசையாக முகங்கள், முதல் முகம் சிரித்துக்கொண்டிருக்கும், கடைசி முகம் ஓவென்று அழும். சிரிக்கிற முகத்துக்குப் பூஜ்யம், அழுகிற முகத்துக்குப் பத்து. உன் வலி எந்த முகம் என்று நோயாளியே தொட்டுக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் மருந்து. அவள் அட்டையை வாங்கி, டாக்டரம்மா முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, இரண்டைத் தொட்டாள். படுக்கையின் கம்பியை அவள் இடது கை பிடித்திருந்த பிடியில் விரல் வெளுத்துப்போயிருந்தது.

"டாக்டர், அவ ரெண்டுன்னா எட்டுங்க" என்றேன் நான்.

டாக்டரம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பர்ப்பி உள்பட. அவர் சிரிக்கவில்லை. அதிர்ந்துபோய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு நாளா ரெண்டுக்குத்தான் மருந்து குடுத்துட்டிருந்தேனா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளிடம் ஒருமுறை கேட்பார், பிறகு என் பக்கம் திரும்புவார். நான் இருந்த நாட்களில் நான்தான் மொழிபெயர்ப்பு. அவளுக்கு இதில் வருத்தம். அவங்க மனசு சங்கடப்பட்டுப்போச்சுங்க, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க என்று என்னைத் தனியாகக் கண்டித்தாள்.

கீமோ ஏறுகிற நாட்களில் வாந்தி எடுப்பாள். எடுத்து முடித்துவிட்டுத் துடைக்க வருகிற அக்காவிடம் மன்னிப்புக் கேட்பாள். முடி கொட்டியபோது தலையணையில் கிடந்ததைத் தானே பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள், கூட்டுகிறவர்களுக்குச் சிரமம் என்று. பார்க்கப் பார்க்க எனக்கு எரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல், இன்றைக்கு உன்னைத் திட்டப் பழக்காமல் ஊருக்குப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்து 'போடி' என்று சொல் என்றேன். வெட்கப்பட்டாள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"போடிங்க."

பக்கத்துப் படுக்கைப் பாட்டி, நர்ஸ், டாக்டரம்மா எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வார்டில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை. அவள் பிழைத்துவிடுவாள் என்று அன்றைக்கு நான் முழுசாக நம்பினேன்.

மருந்துக்குக் கட்டி கொஞ்சம் சுருங்கியது, ஆனால் போதவில்லை. எலும்பை மட்டும் எடுத்துவிட்டுக் கம்பி வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்களாம். கட்டி ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்ததால் அது நடக்காது, தொடையோடு காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நெஞ்சுக்கு இன்னும் பரவவில்லை, இப்போதே செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப் போடக் கூடாது என்றும் சொன்னார். வருகிற வாரத்தில் ஒரு நாளும் குறித்துவிட்டார். அவள் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நூல் லோடு ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். "ஊட்டுல பேசிப்போட்டுச் சொல்றோமுங்க" என்றார். டாக்டரம்மா சரி என்று தலையாட்டினார். எங்கள் ஊரில் பேசிப்போட்டுச் சொல்கிறோம் என்றால் இன்னும் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம், அது சென்னைக்காரருக்கு எப்படித் தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் அம்மாவும் அவள் வீட்டில் இருந்தோம். தாராபுரத்துப் பெரியப்பா வந்திருந்தார். அவள் அப்பா சின்னப் பையனாக இருக்கும்போதே தகப்பன் தவறிவிட்டதால், அண்ணன்தான் வளர்த்து ஆளாக்கியவர். அண்ணன் நின்றால் தம்பி உட்கார மாட்டார். பெரியப்பா கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார், பிறகு மெல்ல ஆரம்பித்தார். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறாராம், பச்சிலைக் கட்டுப் போடுகிறாராம், எத்தனையோ பேருக்குக் கட்டி கரைந்திருக்கிறதாம். இவளுக்காகப் பேசி வைத்திருக்கிறாராம், நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். பெண்பிள்ளைக்குக் கால் இல்லையென்றால் என்று தொடங்கி, முடிக்க முடியாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ என்ன கண்ணு சொல்ற?" என்று கேட்டார். கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டதுதான். அவள் என்ன சொல்வாள் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கால எடுத்துப்போடச் சொல்லுங்க பெரியப்பா. எனக்குக் கால் வேண்டாமுங்க. நான் இருக்கோணுமுங்க."

அவள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேணும், வேண்டாம் என்ற இரண்டு சொல்லையும் அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவரை சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாக எடுத்துக் கொட்டிவிட்டாள் என்று நினைத்தேன். இனி ஒரு பிரச்சினையும் இல்லை, சொல்லியாகிவிட்டது, காலை எடுத்துவிடுவார்கள், இவள் இருப்பாள்.

பெரியப்பாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. புள்ள பயத்தில் பேசுகிறது என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "நீ என்ன தம்பி சொல்ற?" என்றார்.

அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை மகளைப் பார்த்தார், மறுபடியும் தரையைப் பார்த்தார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லிவிடுங்கள் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்னா சரீங்ணா" என்றார்.

நான் கத்தினேன். தறிக்குடோன் ஓடினாலும் கேட்டிருக்கும். இருக்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாளே, உங்கள் யார் காதிலும் விழவில்லையா என்றேன். உங்களுக்கெல்லாம் மரியாதைதான் பெரிசா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பெரியவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெரியப்பா, "புள்ளைக்குச் சிநேகிதி மேல அவ்வளவு பாசமுங்க" என்று என் அம்மாவிடம் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டே, வழக்கம்போல எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன். காரில் ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள், காலை நீட்டி, பக்கத்தில் தலையணை. கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் கையைப் பிடித்தேன். இறங்கு, போகாதே, நான் இருக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள், அந்தப் பழைய சிரிப்பு.

"பெரியப்பா அந்த வைத்தியரை இன்னைக்கு வேற யாரையும் பாக்காமக் காத்திருக்கச் சொல்லியிருக்காங்க. போகலீன்னா பெரியப்பாவுக்குச் சங்கடமுங்க."

கார் போய்விட்டது. தெருவில் நின்ற எனக்கு அவள் சொன்னது புரிய வெகுநேரம் ஆனது. தன் உயிரைக் கேட்டு வாய் திறந்த பெண், மறுநாள் காலையில் ஒரு வைத்தியர் வீணாகக் காத்திருக்கக் கூடாதே என்று போகிறாள். இப்படியும் இருப்பார்களா? இருந்தார்கள், எங்கள் ஊரில், என் பக்கத்துப் பெஞ்சில்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்ததாம். அவள் அப்பா ஒவ்வொரு முறையும், "வாரோமுங்க, வாரோமுங்க" என்றாராம். வரமாட்டோம் என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? கட்டுக்கு மேல் கட்டு மாற்றிப் பருத்தி வெடிக்கிற காலம் வந்துவிட்டது. கட்டி கரையவில்லை. அவளுக்கு இருமல் வந்தது. படிப்படியாக மூச்சு வாங்கியது. பிறகு பெரியப்பாவே பயந்துபோய், காரைக் கோயமுத்தூருக்கு விடச் சொன்னார்.

டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. அவர் அதைக் கீழே வைத்தார். வேற எடத்துக்குப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே என்றார். அவள் அப்பா கைகளைக் கட்டியபடியே, சொல்றதுக்குச் சங்கடமா இருந்துச்சுங்க என்றார். இனிமேல் காலை எடுத்தும் பயனில்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அதற்கும் அவர் சரீங்க என்றார்.

கடைசியாக நான் அவளைப் பார்த்தது ஒரு மத்தியானம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். மூக்கில் குழாய், முதுகுக்குத் தலையணை, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கியது. பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னேன். பி.டி. டீச்சருக்குக் கல்யாணம் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், ஜன்னல் பக்கம் வெயிலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போடி" என்றாள். "போய்ப் படி."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னாலேயே அந்த 'ங்க' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இத்தனை நாள் கெஞ்சியும் மிரட்டியும் கேட்டது கிடைத்துவிட்டதே என்று. அப்புறம் அவள் உதட்டைப் பார்த்தேன். உதடு அந்த 'ங்க'வைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மூச்சு மிச்சமில்லை. ஓடிப்போய் வராந்தாவில் நின்று அழுதேன்.

அவள் போன தகவல் வந்த காலையில் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் பந்தல், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். தொளதொளத்த அந்த யூனிஃபார்மைப் போட்டுவிடலாம் என்று யாரோ சொல்லி, அவள் அம்மா கூடாது என்று பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தார். இரண்டு காலும் இருந்தது. ஒரு குறையும் இல்லாமல் படுத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தாராபுரத்துக் கார் வரட்டும் என்று காத்திருந்தேன். அவரைக் கேட்க வேண்டியதையெல்லாம் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். இந்தத் தடவை அம்மா இழுத்தாலும் போவதில்லை.

கார் வந்தது. பெரியப்பா இறங்கினார். அவர் நடந்து வந்த நடையில் ஆள் பாதியாகியிருந்தது தெரிந்தது. அவளைப் போய்ப் பார்க்கவில்லை. நேரே தம்பி எதிரில் வந்து நின்றார். துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"நீ வேண்டாமுன்னு சொல்லுவேன்னு பாத்தனே தம்பி. எனக்கும் மனசில்ல. பெரியவன் ஒண்ணுமே செய்யலீன்னு ஆயிருமேன்னுதான் கேட்டேன். ஒரு வார்த்தை நீ வேண்டாமுன்னு சொல்லியிருந்தா உட்டிருப்பேனே."

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவருக்கும் மனசில்லை. இவருக்கும் மனசில்லை. அவளோ வாய் விட்டே சொல்லிவிட்டாள். அந்த அறையில் அன்றைக்கு அந்த வைத்தியரிடம் போக விரும்பியவர் ஒருவர்கூட இல்லை. நான் கொண்டு வந்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

அவள் அப்பா அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அவர் கை ஓங்கும் என்று நினைத்தேன், ஓங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் எழுந்தார். கீழே கிடந்த துண்டை எடுத்து உதறி அண்ணன் தோளில் போட்டார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"உக்காருங்ணா" என்றார்.

பெரியப்பா உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் தம்பி கை கட்டிக்கொண்டு, அவளை எடுக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.